நான்காவது மாடிக்குப் போன பீரோ

மரச்சாமான் விற்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே ஆர்க்கிடெக்ட் மேடம். முதுகுக்குப் பின்னால் ‘சட்டம்’. இரண்டாவது பெயர் தன் காதுக்கே எட்டாததுபோல அவள் நடந்துகொள்வாள். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கம்பெனியின் பழைய மென்பொருள் ஒரே மொத்தையாக இருந்தது. ஒரு மூலையில் நாற்காலியின் நிறத்தை மாற்றினால் இன்னொரு மூலையில் வண்டி கிளம்பாது. அதை ஏழு பாகங்களாகப் பிரித்துப் புதிதாகக் கட்டும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். பொருள் பட்டியல், ஆர்டர், கிடங்கு, டெலிவரி, பொருத்துதல், புகார், வாடிக்கையாளர் என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு, ஒரு தனி டேட்டாபேஸ். இரண்டாம் மாடிக் கண்ணாடிச் சுவரில் அவள் ஏழு கட்டங்கள் வரைந்து, கீழே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: ‘அடுத்த பாகத்தின் டேட்டாபேஸில் யாரும் கை வைக்கக் கூடாது. வேண்டியதை வாசலில் நின்று கேட்டு வாங்க வேண்டும்.’

வாசலில் எதைக் கேட்கலாம், என்ன பதில் வரும் என்பதற்குப் பாகங்களுக்கு நடுவே ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட்டவேண்டுமென்றால் படிவம். படிவம் அவளிடம் வந்து வரிசையில் நிற்கும். பக்கத்து மேஜையில் ஸ்டேப்ளர் இரவல் கேட்கவும் இனிமேல் படிவம் உண்டா என்று புகார் குழுவில் ஒருவர் விசாரித்தாராம். ‘சட்டம்’ என்ற பெயர் அன்றைக்குத்தான் பிறந்தது.

டெலிவரி குழுவின் தலைவன் அவளுடைய கணவன். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். தலை போகிற காரியத்தையும் ஒரு சிரிப்பில் கடந்துவிடுகிற ஆள். புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்பதற்காக, அவன் குழுவிலிருந்து வருவதை மட்டும் அவள் கொஞ்சம் கூடுதலாகவே காக்க வைப்பாள். வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்பதும் அவள் போட்ட விதிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ ஆற்றிக்கொண்டே அவன் எதையோ ஆரம்பித்தபோது, படிவத்தில் எழுதி அனுப்பச் சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை ஆர்டர் குழு தன் டேட்டாபேஸை ஒழுங்குபடுத்தியது. முகவரியோடு ஒட்டிக்கொண்டிருந்த மாடி எண், லிஃப்ட் விவரம் எல்லாவற்றையும் பிரித்து வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. உன் வீட்டுக்குள் கட்டிலை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள், வாசல் இருந்த இடத்தில் இருந்தால் போதும் என்பதுதானே சட்டம். தான் நினைத்தபடியே எல்லாம் நடக்கிறது என்ற பூரிப்போடு அவளும் ஒப்புதல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, என் பீரோ தெருவுல நிக்குது. அண்ணன் போனை எடுக்கல. நீங்களாவது வந்து பாருங்க.”

நாத்தனார் வீடு ஆபீஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடியில். அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனி என்ற பாசத்தில் மூன்று கதவு பீரோ ஒன்றை ஆர்டர் செய்திருந்தாள். ஆர்க்கிடெக்ட் மேடம் போய்ப் பார்த்தபோது, பிரித்துக் கட்டிய பலகைகள் மூன்று நீளப் பெட்டிகளில் நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடந்தன. பக்கத்தில் வண்டி ஓட்டுநர் மட்டும் தனியாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துணைக்கு ஏன் ஆள் வரவில்லை என்று கேட்டாள்.

“ஸ்கிரீன்ல தரைத்தளம்னு வந்திருக்கு மேடம். தரைத்தளம்னா ஒரே ஆள்தான். இன்னைக்கு எந்த வீட்டைத் தொட்டாலும் தரைத்தளம்னுதான் வருது.”

அவள் அந்தத் திரையை வாங்கிப் பார்த்தாள். டெலிவரிக்கும் ஆர்டருக்கும் நடுவே உள்ள ஒப்பந்தத்தில் பதினொரு வரிகள். பதினொன்றையும் எழுதியவள் அவள்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அதில் மாடி என்ற சொல்லே கிடையாது. பிறகு இந்தத் திரைக்கு மாடியைப் பற்றிப் பேசும் வாய் எங்கிருந்து வந்தது? யாரோ வாசலை விட்டுச் சுவர் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆர்டர் குழு சாமானை நகர்த்தியதும் இருட்டில் துழாவிய கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. டெலிவரி மென்பொருள் அந்த வெறுமையைத் தரைத்தளம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷி அவளுக்கு அரை நிமிடம் இருந்தது. பிடிபட்டது யார் என்று உறைத்ததும் அது இறங்கிவிட்டது.

அதற்குள் அவனே வந்து சேர்ந்தான். நாலா பக்கமும் வண்டிகள் நின்றுபோன செய்தி கிடைத்து, கழுத்து அட்டை தோளுக்குப் பின்னால் பறக்க ஓடி வந்திருந்தான். மனைவியை அங்கே பார்த்ததும் நடை தானாகவே மெதுவானது.

“மாடி எண் உங்க பக்கம் எப்படிங்க வந்துச்சு?” என்று கேட்டாள்.

அவன் மேலே ஜன்னலில் நின்ற தங்கையைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்துகொண்டான். “ஆர்டர் டேட்டாபேஸ்ல இருந்து நேரா எடுத்துக்கிட்டோம்.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

“கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?”

“கேட்டேனே. வீட்ல ஒரு தடவை கேட்டேன், படிவம்னு சொன்ன. படிவம் குடுத்தேன், அது வரிசையில நிக்குது. வண்டி வரிசையில நிக்க முடியாதில்ல?”

அவள் போனில் வரிசையைத் திறந்து தேடினாள். முப்பத்தோராவதாக அது இருந்தது. இரண்டே வரி: ‘மாடி எண்ணும் லிஃப்ட் விவரமும் வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை ஆள் அனுப்புவது என்று தெரியாது.’ ஓரத்தில் சின்னதாக ஒரு நீலக்குறி. அவள் அதைத் திறந்து படித்திருக்கிறாள் என்று அர்த்தம். படித்த ஞாபகம் துளியும் இல்லை. முகம் சூடாவது அவளுக்கே தெரிந்தது.

மேலே ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்து, பொறுமை தீர்ந்துபோய்க் கீழே இறங்கி வந்திருந்த நாத்தனார் குறுக்கே புகுந்தாள். “ரெண்டு பேரும் மேல வந்து சண்டை போடுங்க. வரும்போது ஆளுக்கு ஒரு பெட்டியா தூக்கிட்டு வாங்க.”

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஓட்டுநர் முன்னால், கணவன் பின்னால், நடுவில் அவள் என்று முதல் பெட்டி ஏறியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அது சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே வசமாகச் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல், முழங்கை சுவரில் உரச, அவள் அப்படியே நின்றாள். மாடி எண் தெரிந்திருந்தாலும் இந்தப் பெட்டி ஏறியிருக்காது என்று அப்போது தோன்றியது. திருப்பத்தின் அகலம் தெரியவேண்டும். இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஓட்டுநரிடம் மூச்சு வாங்கக் கேட்டாள். கிளம்புவதற்கு முன்னால் வாடிக்கையாளருக்குப் போன் செய்து படிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாராம். இன்றைக்குத் தரைத்தளம் என்று வந்ததால் கேட்கவில்லையாம். பிறகு அவரே பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தி, நடனம் ஆட்டுவதுபோலத் திருப்பிக் கொண்டுபோனார்.

மறுநாள் மேலாளர் அறையில் விசாரணைக் கூட்டம். புருஷனை அவள் எப்படி உலுக்கி எடுக்கப்போகிறாள் என்று பார்க்க, அழைப்பே இல்லாத இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பழியை ஏற்கத் தயாராக எழுந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“டெலிவரி குழு சுவர் ஏறிக் குதிச்சது தப்பு. அவங்களுக்கு வாசலே வைக்காம வீடு கட்டினது என் தப்பு. அவங்க படிவத்தைப் படிச்சிட்டு எட்டு மாசம் சும்மா இருந்ததும் நான்தான். மூணையும் எழுதிக்கங்க.”

மேலாளர் மூன்றையும் எழுதிக்கொண்டார். அழைப்பில்லாமல் வந்தவர்கள் முகம் தொங்கிப்போனது. அவன் எழுந்தது எழுந்தபடியே நின்றான். மறுபடி எப்போது உட்கார வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் புதுப் படத்தை விரித்தாள். ஆர்டர் உறுதியானதும் ஆர்டர் பாகம் தானாகவே ஒரு செய்தி வெளியிடும். அதில் ‘ஏறும் வழி’ என்று ஒரு பகுதி: மாடி, லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம். வேண்டிய பாகங்கள் அதை வாங்கிக்கொள்ளலாம். படிவத்துக்குப் பத்து நாளில் பதில் வராவிட்டால் அது நேராக மேலாளரிடம் போய் நிற்கும். ஏழு டேட்டாபேஸுக்கும் ஏழு தனிச் சாவி. தன்னுடையதைத் தவிர வேறெதையும் யாராலும் திறக்க முடியாது. பூட்டுவதற்கு முன் ஒரு வாரம் அவகாசம். எங்கே கை வைத்திருந்தாலும் வந்து சொல்லலாம், திட்டு கிடையாது.

முதல் இரண்டு நாள் ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் பொருத்துதல் குழுவிலிருந்து ஒருவர் அசடு வழிய வந்தார். அதன் பிறகு அடைமழைதான். புகார் குழு கிடங்கிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. கிடங்கு பொருள் பட்டியலிலிருந்து. மொத்தம் பத்துச் சுவரேற்றங்கள். ஸ்டேப்ளர் ஆசாமியின் பெயரில் மட்டும் இரண்டு. சொன்ன வாக்கைக் காப்பாற்ற அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தையும் புன்னகையோடு எழுதி, பத்துக்கும் முறையான வாசல் வைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வார வெள்ளிக்கிழமை பிற்பகல் பூட்டினார்கள். எந்த வண்டியும் நிற்கவில்லை, எந்தப் புகாரும் தொலையவில்லை. ஆனால் ஐந்தே நிமிடத்தில் மேலாளர் அறையிலிருந்த பெரிய திரை அணைந்துபோனது. இன்று எத்தனை ஆர்டர், எத்தனை டெலிவரி என்று நாள் முழுக்க எண் காட்டும் திரை அது. வேலைக்கு வந்த முதல் மாதத்தில், மேலாளர் அவசரப்படுத்துகிறாரே என்று, தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டு அவளே செய்து கொடுத்தது. பழைய மொத்தை ஏழாகப் பிரிந்தபோது அதுவும் ஏழு டேட்டாபேஸிலும் நேராகக் கை விட்டு எடுக்கத் தொடங்கியிருந்தது. சட்டம் எழுதுவதற்கு முந்தையது என்பதால் அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

செய்தி கீழ்த்தளத்துக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அவன் படியேறி வந்தான், கையில் படிவக் கட்டோடு. கோரிக்கை விடுப்பவர் என்ற இடத்தில் அவள் பெயரை முன்கூட்டியே எழுதியிருந்தான். முகத்தை மட்டும் ரொம்பப் பணிவாக வைத்துக்கொண்டிருந்தான்.

“ஏழு பாகத்துக்கும் சேர்த்து ஒண்ணு போதுமா மேடம், இல்ல ஏழு வேணுமா?”

சுற்றியிருந்த மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அவள் ஒரு கணம் அவனை முறைத்தாள். அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“ஏழு,” என்று கை நீட்டினாள்.

தன் கோரிக்கைக்குத் தானே ஒப்புதல் கொடுக்கக் கூடாது என்று, ஏழையும் அன்றே நிரப்பி ஏழு குழுக்களுக்கும் அனுப்பினாள். ஆறு குழுக்கள் திங்கட்கிழமையே ஒப்புதல் கொடுத்தன. டெலிவரி குழு மட்டும் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. ஏன் என்று மேலாளர் கேட்டதற்கு வேலை ஜாஸ்தி என்றான் அவன். அவர் நம்பிவிட்டார். ஒன்பதாம் நாள் திரையில் டெலிவரி எண் எரிந்ததும் முதலில் போய் நின்று பார்த்தவள் அவள்தான். அன்றைக்கு நாற்பத்தாறு வீடுகள். ஆள் போதாமல் எந்த வாசலிலும் ஒரு பெட்டியும் காத்துக் கிடக்கவில்லை.