ஹுமைத் விட்டுப்போன மாத்திரைகள்

தம்பி ஸலாம் சொல்லிப் படியிறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. தலையணை உறையைக் கழுவலாம் என்று ஜிப்னா உருவியபோது உள்ளேயிருந்து மாத்திரை அட்டைகள் கட்டிலில் விழுந்தன. வலிப்புக்கு கிளினிக்கில் கொடுத்தவை. நேற்றுத்தான் அவளே அவனுடைய பைக்குள் அடுக்கி வைத்திருந்தாள். மறந்து விட்டுப் போகவில்லை. எடுத்து ஒளித்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஹுமைத்துக்கு இருபது வயது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிவாசல்களில் தங்கி, மக்களைத் தொழுகைக்கு அழைக்கும் ஜமாஅத்தோடு நாற்பது நாள் புத்தளம் பக்கம் போகிறான். உம்மா மௌத்தான பிறகு ஜிப்னாதான் அவனை மகன் என்று கூப்பிட்டு வளர்த்தாள். அவளைப் பிரிந்து அவன் ஒரு இரவும் வெளியே தங்கியதில்லை. சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் ஒரு தடவை வலிப்பு வந்து விழுந்தான். அதன் பிறகு மற்றப் பிள்ளைகள் அவன் பக்கத்தில் உட்காரவில்லை. ஜின் பிடித்திருக்கிறது என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். அந்த ஞாபகம் அவனை விட்டுப் போகவேயில்லை.

"ராத்தா, ஜமாஅத்துல ஒருத்தருக்கும் செல்ல வாணாம்" என்று முந்தின நாள் அக்காவிடம் கெஞ்சினான். "என்னத் தெரியாத ஆக்களோட கொஞ்ச நாள் ஈந்து பார்க்கோணும்."

சரி என்றாள். மாத்திரையை ஒழுங்காகக் குடிப்பான் என்று நம்பிச் சொன்ன சரி அது.

அவனுடைய போன் அணைந்திருந்தது. அவளுடைய கணவர் ஸாஹிர் தங்கள் துணிக்கடைக்குச் சாமான் எடுக்கப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். ஜிப்னா அபாயாவை மாட்டிக்கொண்டு, மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு, மழையோடு பஸார் வழியே பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஜமாஅத்தில் முறை வைத்துச் சமைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கொதிக்கிற சட்டிக்கு முன்னால் நிற்கும்போது வந்தால்? கிணற்றடியில் குளிக்கும்போது வந்தால்? பஸ் போயிருந்தால் யாரிடம் சொல்லுவது?

பஸ் போகவில்லை. பெரகலைக்குக் கிட்ட மண் சரிந்து பாதை மூடியிருந்ததால் கொழும்பு வழியாகப் போகும் பஸ்கள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. தொப்பி போட்ட ஏழெட்டுப் பேர் படுக்கைச் சுருட்டுகளோடும் சட்டி பானைகளோடும் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். நடுவில் ஹுமைத் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது. அவளைக் கண்டதும் முகம் மாறியது.

"ஏன் ராத்தா வந்தீங்க?" விறுவிறுவென்று அவளை நோக்கி வந்தான். குரலைத் தாழ்த்தினான். "அத வீட்டுக்குக் கொண்டு போங்க. அல்லாஹ்ட பாதையில போறன். அவன் சுகமாக்குவான்."

"அவன் சுகமாக்கட்டும். அதுவரைக்கும் நீ இதக் குடி, மகன்."

"இத ஒவ்வொரு நாளும் குடிச்சா ஏன் எண்டு கேப்பாங்கதானே!"

அதற்குள் ஜமாஅத்துக்குத் தலைவரான ஜுனைதீன் ஹாஜியார் பக்கத்தில் வந்துவிட்டார். "என்ன தங்கச்சி, ஏதும் அவசரமா?"

காஸ்ட்ரிக் மாத்திரை என்று சொல்ல வாயெடுத்தாள். ஹுமைத்தின் கண்களும் அதைத்தான் கேட்டன. ஆனால் நாக்கு வரவில்லை.

"இவருக்கு வலிப்பு ஈக்கு ஹாஜியார். மாத்திரைய வீட்டுல வெச்சிட்டு வந்திட்டார்."

ஹுமைத் திரும்பிப் பஸ்ஸைப் பார்த்து நின்றான். காதுமடல் சிவந்துபோயிருந்தது.

ஹாஜியார் தாடியைத் தடவினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது தெரிந்தது. "பேர் குடுக்கக்குள்ள செல்லியிருக்கலாமே. தூர இடம். ஏதும் நடந்தா நான் ஒங்களுக்கு என்ன பதில் செல்ற?" என்றார். பின்னாலிருந்து ஒருவர், "அடுத்த முறை வரட்டுமே" என்றார். ஜிப்னாவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். தம்பியின் முதுகைப் பார்த்தாள். அந்த ஆசை அவளுக்கே பிடிக்கவில்லை.

"கூட்டிட்டுப் போங்க ஹாஜியார்" என்றாள். "மாத்திரை குடிச்சா வாறது குறைவு. வந்தா என்ன செய்யோணும் எண்டு நான் காட்டித் தாறன்."

ஸனூஸ் என்ற பருத்த இளைஞன் முன்னால் வந்தான். "எனக்குச் செல்லுங்க. நான் இவரோடயே ஈக்கிறன்."

பஸ் நிலையத்தில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அவள் சொல்லிக் கொடுத்தாள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்பு கொடுக்கக் கூடாது, வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது. அடங்காமல் நீண்டுகொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரி. ஸனூஸ் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். ஹாஜியாரும் உதட்டை அசைத்துப் பாடமாக்கினார். கடைசியில் மாத்திரைப் பையை வாங்கித் தன் ஜுப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.

பாதை திறந்ததும் பஸ் புறப்பட்டது. ஜன்னலருகே போய் ஸலாம் சொன்னாள். ஹுமைத் பதில் ஸலாம் சொன்னான், முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் போனில் ஸாஹிரோடு மட்டும் பேசினான். கடையில் துணி அளக்கும்போதும் அவளுக்குப் போனில்தான் கண். இரண்டாவது வெள்ளிக்கிழமை ஸனூஸ் அழைத்தான்.

"ராத்தா, பயப்பட வாணாம். சுபஹு தொழுகைக்குப் பொறகு ஹுமைத்துக்கு வந்திச்சு. நீங்க செல்லித் தந்த மாதிரியே திருப்பிப் படுக்க வெச்சோம். கொஞ்ச நேரத்துல அடங்கிட்டு."

அவள் கையிலிருந்த அளவுகோல் கீழே விழுந்தது. "காயமா? எங்க அவர்? போனக் குடுங்க!"

போன் ஹுமைத்திடம் கைமாறியது. பிறகு, "ராத்தா" என்றான்.

"நல்லாயிருக்கியா மகன்?"

"நாக்கு கொஞ்சம் கடிபட்டிட்டு. பள்ளிவாசல்ல எல்லாரும் பார்த்தாங்க." மூச்சு வாங்கினான். "பகல் சாப்பாட்டுக்கு ஸஹன் தட்டச் சுத்தி எனக்குப் பக்கத்துலதான் எல்லாரும் இருந்தாங்க. ஒருத்தரும் எழும்பிப் போகல்ல."



"திரும்பி வாறியா?" என்று கேட்டாள்.

"இல்ல. நாளைக்கு வேற ஊர். அங்க சிக்னல் இல்லையாம். யோசிக்காதீங்க."

யோசிக்காமல் எப்படி இருப்பது? ஆனால் சரி என்றாள். போனை வைத்துவிட்டு, கீழே கிடந்த அளவுகோலைக் குனிந்து எடுத்தாள். கடை வாசலில் ஒரு பெண் திரைத்துணி விலை கேட்டுக்கொண்டு நின்றாள்.