வலப்பக்கம் விழுந்த கட்டம்

இல்லை, கட்டம் தப்பாகத்தான் விழுந்திருக்கிறது, தப்பாகத்தான் இருக்க வேண்டும்... படத்தில் இதயத்தைத் தானே தேடிப் பிடித்துப் பச்சைக் கட்டம் போடும் இந்தப் புது மென்பொருள் வந்ததிலிருந்து எத்தனை நெஞ்சுகளை ஸ்கேன் எடுத்திருப்பேன், ஒன்றில்கூட இப்படி வலப்பக்கம் போய் நின்றதில்லை, இன்றைக்குப் பார்த்தா, அதுவும் என் அக்கா படுத்திருக்கும்போதா? கண்ணாடிக்கு அந்தப்புறம் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் கிடக்கிறாள், வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவள். ஒரு மாதமாக நெஞ்சுவலி. ஊசிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவளை, இன்று படியேறும்போது மயங்கி உட்கார்ந்ததும்தான் இழுத்து வந்தேன், இதயத்தில் ஒன்றுமில்லை என்று இந்தப் படம் சொல்லிவிட்டால் போதும், சண்டை போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவோம். டாக்டருக்குப் போன் செய்தேன், சிரித்தார். "தலையையும் காலையும் மாத்திக் குடுத்திருப்பீங்க. படத்தைத் திருப்பிட்டு ஆரம்பிங்க." நியாயம்தான், ஆள் தலைப்பக்கமாக உள்ளே போகிறாரா கால்பக்கமாகவா என்று மெஷினுக்குத் தப்பாகச் சொன்னால் இடது வலதாகிவிடும், எங்கள் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது அசடு வழிந்த இடம் அது. நான் என்ன கொடுத்தேன்... திரையில் பார்க்கிறேன், தலைப்பக்கம். அக்காவைப் பார்க்கிறேன், தலைப்பக்கம். நான் தப்பு செய்திருக்கக் கூடாதா, கடவுளே, இப்படியும் ஒருத்தி வேண்டிக்கொள்வாளா... காலையில் எடுத்த ஈசிஜியும் கோணல்மாணலாகத்தான் வந்தது, அதற்கும் இதே டாக்டர், கை ஒயரை மாற்றி மாட்டியிருப்பார்கள் என்றார். ஒரே நாளில் அக்காவுக்கு மட்டும் எல்லோருக்கும் இடம் வலம் மறந்து போகுமா? பல்லாயிரத்தில் ஒருவருக்குப் பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் இருக்கும் என்று படித்திருக்கிறேனே... படத்தைத் திருப்ப ஒரு பொத்தான்தான், அழுத்தினால் கட்டம் சமர்த்தாக இடப்பக்கம் வந்து உட்காரும், டாக்டர் சரி என்பார், என் படபடப்பும் அடங்கும், விரல் அதன் மேல்தான் இருக்கிறது...

"ஏன்டி, இன்னும் எவ்வளவு நேரம்? கை மரத்துப் போச்சு." மைக்கில் அக்கா. வலிக்கிறதா என்று கேட்கிறேன். "அதேதான். நீ கேஸ் ட்ரபிள்னு சொன்னியே, அந்த வலி," என்று கையை இறக்கி நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள், வலது பக்கம். ஆமாம், நான்தான் சொன்னேன், இதயம் இடப்பக்கம்தான்க்கா இருக்கு, இது வெறும் கேஸ் ட்ரபிள், பேசாம படு... எத்தனை தடவை, எவ்வளவு தோரணையாக, அவளும் நம்பினாளே, தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருப்பவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவள். விரலை எடுத்துவிட்டேன், எழுந்துவிட்டேன், மெஷின் எதற்கு, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் துடிக்கிறது என்று தெரிந்துவிடப் போகிறது, ஒரு நொடி வேலை. பக்கத்தில் போய் நிற்கிறேன். "என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்கிறாள். அவள் கை இன்னும் அங்கேயே இருக்கிறது. அதன் மேல் என் கையை வைக்கிறேன், கையை எடு அக்கா என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.