புத்தகத்தில் செத்த மரியநாயகி

லண்டனில் இருந்துகொண்டு ஜூட்சன் ஆங்கிலத்தில் எழுதிய சுயசரிதையில் அவன் அம்மா மண்சரிவில் செத்துப்போகிறாள். உண்மையில் மண்ணுக்குள் போனவர் அப்பா கஸ்பர். அம்மா மரியநாயகி இலங்கையில், ஹட்டனுக்கு மேலே, அதே தேயிலைத் தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீட்டில் கல்லுக்குண்டு போல இருந்தாள்.

"அப்பன் செத்தா அங்க ஒருத்தனும் அழமாட்டான். அம்மா செத்தாத்தான் புத்தகம் ஓடும்" என்று தங்கை டெல்சியிடம் போனில் சிரித்தான் ஜூட்சன். "ஞாயித்துக்கெழம பத்திரிகைக்கார வெள்ளக்காரி ஒருத்திய கூட்டிக்கிட்டு வர்றேன். அம்மாவ எங்கயாச்சும் அனுப்பிரு. ஒன் லண்டன் வேலைக்கு நான்தான் பேசிக்கிட்டிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும்."

டெல்சி தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். அந்த வேலையை விட்டுப் போக இருந்த ஒரே வழி அண்ணன்தான்.

"நானுஓயாவுல சித்தி வீட்டுக்குப் போயிட்டு வாங்கம்மா."

"மகன் வர்ற அன்னிக்கு எனக்கு நானுஓயாவுல என்னாடி வேல? கிறுக்கா ஒனக்கு?"

ஞாயிற்றுக்கிழமை, பாஸ்குத் திருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள் மரியநாயகி. வேன் நின்றதும் ஓடிப்போய் மகனின் கன்னங்களைப் பிடித்தாள். அவன் மரம்போல நின்றான். யார் என்று கூட வந்த பத்திரிகைக்காரி ஹெலன் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரி. அம்மாவின் தோழி" என்றான் ஆங்கிலத்தில்.

ஆங்கிலம் தெரியாவிட்டாலும், தன்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்று மரியநாயகிக்குப் புரிந்தது. நிமிர்ந்து நின்றாள்.

"தொரசானிகிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லு மகனே. இவன் பொறக்கும்போதே கால மொதல்ல நீட்டுனான். ஊர விட்டு ஓடத்தான் நீட்டுறான்னு மருத்துவச்சி சொன்னா. சொன்ன மாதிரியே ஓடிட்டான்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"மண் சரிந்த அன்று வெறும் கையால் தோண்டினாளாம்" என்று ஹெலனுக்கு மொழிபெயர்த்தான் ஜூட்சன். "அம்மாவின் சேலைத் துண்டு மட்டும்தான் கிடைத்ததாம்."

ஹெலனின் பேனா நின்றது. "சிரித்துக்கொண்டே சொல்கிறாளே?" டெல்சியிடம் திரும்பினாள். "இதையா சொன்னாள்?"

ஜூட்சன் தங்கையைப் பார்த்தான். மரியநாயகியும் மகளைப் பார்த்தாள், இன்னும் சிரிப்பு மாறாமல்.

"ஆமாம்" என்றாள் டெல்சி. "எங்கள் ஆட்கள் துக்கத்தைச் சிரித்துத்தான் சொல்வார்கள்."

ஹெலன் அதை அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டாள். பிறகு மரியநாயகியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்த காகிதம் கீழே விழுந்தது.

வேன் போனதும் மரியநாயகி கேட்டாள். "அண்ணன் என்னாடி சொன்னான்? அந்தப் பொம்பள அப்படி அழுதிச்சே."

"நீங்க சொன்னதத்தான் சொன்னான்."

"கால நீட்டுன கதைக்கா அழுதிச்சு?"

"உங்களப் பாத்ததுல அழுகை வந்திருச்சு. பெத்தவங்கல்ல."

மரியநாயகி குனிந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மண்ணைத் தட்டி, மடித்து, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் குழாயடியில் அந்தக் காகிதத்தைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பரா வீட்டு வேலாயிக்கு நம்பிக்கை வரவில்லை. வாளியோடு வந்த டெல்சியை மறித்தாள்.

"என்னா டீச்சர், பெத்தவளப் பாத்ததும் வெள்ளக்காரி அழுதாளாமே. நெசமா?"

டெல்சி வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தாள்.

"நெசந்தாங்க அக்கா."

"கேட்டியாடி?" என்றாள் மரியநாயகி. "எம்மவன் என்னப் பத்தி அப்படி சொல்லியிருக்கான்."