ஓட்டு வரிசையில் பூட்டு மடம்

எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பூட்டு மடம் என்பார்கள். பள்ளிக்கூடம் நடத்துகிற சிஸ்டர்மார் ஊருக்குள் இருக்கிறார்கள். அவர்கள் கடைக்கு வருவார்கள், பஸ் ஏறுவார்கள். பூட்டு மடத்துச் சிஸ்டர்மார் உள்ளே போனால் போனதுதான். பிள்ளையில்லாத போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் எழுதிக் கொடுத்த, மூட்டை அடுக்குகிற கிட்டங்கி அது. குமுளி வழியாக இறங்கி வந்த மலையாளத்துச் சிஸ்டர்மார் சிலர், சுற்றி மதில் எழுப்பி, ஜெபத்துக்கென்றே உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு நம் பக்கத்துப் பெண்களும் சேர்ந்தார்கள்.

வாசலில் சுவரோடு சுழலுகிற மரப்பெட்டி ஒன்று உண்டு. நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். என்றாலும் எங்கள் தோட்டத்தில் திராட்சை வெட்டுகிற வாரத்தில் முதல் கொத்தை அந்தப் பெட்டியில் வைத்துச் சுற்றிவிடுவேன்.

"மழ வந்துறக் கூடாது சிஸ்டர்."

"ஜெபிக்கிறோம்மா." குரல் மட்டும் வரும்.

"மீறி வந்துருச்சுன்னா?"

"அதுக்கும் ஜெபிப்போம்."

சொந்தபந்தங்கள் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். நடுவில் கம்பி இருக்கும். மற்றபடி அவர்கள் வெளியே வருவது ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுப் போடவும்தான்.

ஓட்டு நாளன்று காலையில் நான் சாவடிக்குப் போனபோது, எதிர்வீட்டு மிக்கேலம்மாள் பெண்கள் வரிசையில் நின்றிருந்தாள். வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை.

"நீ முன்னால போத்தா. நீயும் போ."

பின்னால் நின்ற சினேகா சிரித்தாள். "எந்தச் சின்னம்னு பெரியம்மா இன்னும் முடிவு பண்ணல போல."

"உன் சோலியப் பாருடி."

பெண் போலீஸ் வந்தது. "பாட்டி, வயசானவங்க வரிசையில நிக்க வேண்டாம். நேரா உள்ள போங்க."

"எனக்கு என்ன வயசாச்சு?"

"கார்டுல போட்டிருக்கே."

"அது கார்டோட வயசு."

நான் அவள் காதருகே போனேன். "ஜான்சிக்காகவா நிக்கிற?"

ஜான்சி அவளுடைய ஒரே மகள். பூட்டு மடத்தில் இருக்கிறாள். அப்பா ஜாஸ்பர் இறந்தபோது அடக்கத்துக்கு அவள் வரவில்லை. அன்றிலிருந்து மிக்கேலம்மாள் மடத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், "பெத்த பிள்ளைய செயில்ல பாக்குற மாதிரி கம்பி வழியாப் பாக்கணுமாக்கும்?" என்பாள்.

"ஆமா. அப்பன் செத்தன்னைக்கு எங்கடி இருந்தேன்னு கேக்கணும். கம்பியில்லாம, மூஞ்சிக்கு நேராக் கேக்கணும். போன ஓட்டுக்குக் காய்ச்சல்ல படுத்துட்டேன். இதை விட்டா இனி எப்பவோ."

வேன் வந்து நின்றது. காவி நிற அங்கியும் கறுப்பு முக்காடுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவள் ஜான்சி. ஜாஸ்பர் சாடை அப்படியே இருந்தது. மிக்கேலம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்; வலித்தது.

அதற்குள் வரிசை முழுக்க ஒரே குரல். "சிஸ்டர்மாருக்கு வழி விடுங்கத்தா! பாவம், வெளிய வராத பிள்ளைக. முன்னால விடுங்க!"

எல்லோரும் ஒதுங்கினார்கள். சினேகா கும்பிட்டாள். பெண் போலீஸ் கதவருகே கூட்டிக்கொண்டு போனது. இனி உள்ளே போய், மை வைத்து, பொத்தானை அமுக்கி, வேன் ஏறிவிடுவார்கள்.

"வரிசையில வரச் சொல்லுங்க!" என்று மிக்கேலம்மாள் கத்தினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மா சொர்ணலதா முந்திக்கொண்டாள். "கர்த்தரோட பிள்ளைகளப் போயி இப்படியா? நீயெல்லாம் பூசைக்குப் போறவளா?"

"போறவதான். சாமிக்குப் பக்கத்துல இருந்தா ஓட்டுப் பெட்டிக்கும் பக்கத்துல விடணுமா?"

"பெத்தவ பேசுற பேச்சா இது?" என்றாள் சினேகா.

மடத்துத் தலைவி நின்றார். வயதானவர், பேச்சில் மலையாள வாடை. "அந்த அம்ம சொன்னது ஞாயம். நாங்கள் வரிசையில நிக்கும்." திரும்பிக் கடைசிக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னால் நடந்தார்கள்.

மிக்கேலம்மாள் தன் இடத்தை விட்டுவிட்டுக் கடைசிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். தலைவி அவள் முகத்தைப் பார்த்தார், ஜான்சியின் முகத்தைப் பார்த்தார். மற்றச் சிஸ்டர்மாரை முன்னே தள்ளி, ஜான்சியைக் கடைசியாக நிறுத்தினார்.

"அம்மா," என்றாள் ஜான்சி.

"அப்பா செத்தன்னைக்கு எங்கடி இருந்த?"

இத்தனை காலம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்.

"சமையக்கட்டுல இருந்தேம்மா. அன்னைக்கு என் முறை. கத்திரிக்கா நறுக்கிட்டிருந்தேன். சேதி வந்துச்சு. போகவான்னு கேட்டேன். அப்ப இருந்த மதர் கூடாதுன்னுட்டாக."

"மதிலத் தாண்டி வந்திருக்கலாம்ல?"

"தாண்டியிருந்தா திரும்ப உள்ள போயிருக்க முடியாதும்மா."

"அதத்தான நான் வேண்டிக்கிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரியும்மா."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. மிக்கேலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பெறகு என்ன செஞ்ச?"

"நறுக்கி முடிச்சேன். கொழம்பு வச்சேன். உப்பு போட்டமா இல்லையான்னு தெரியல. திரும்பவும் போட்டுட்டேன் போல. சாப்பிடும்போது பேசக் கூடாதுல்ல, எல்லாரும் ஒண்ணும் சொல்லாமத் தின்னாக. நான் வாயில வச்சப்பதான் தெரிஞ்சுச்சு. அப்பத்தான் அழுதேன்."

"எல்லாரும் தின்னாகளா?"

"வழிச்சுத் தின்னாக. இந்த மதர் அப்ப சாதாரண சிஸ்டர்தான். ரெண்டாவது தடவையும் வாங்கித் தின்னாக."

மிக்கேலம்மாள் தலைவியின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு திரும்பவில்லை.

"அங்கன போயும் உனக்கு உப்புப் போடத் தெரியல," என்றாள். பிறகு குரலை இறக்கி, "இன்னமும் அங்கனதான் இருக்கணும்னு தோணுதாடி?"

"தோணுதும்மா."

"என்னைய நெனச்சாலும் தோணுதா?"

"உன்ன நெனச்சா அழுக வரும். அதோடதான் தோணுது."

பெண் போலீஸ் கூப்பிட்டது. ஜான்சி உள்ளே போனாள். அடுத்து மிக்கேலம்மாள், பிறகு நான்.

நான் வெளியே வந்தபோது மிக்கேலம்மாள் படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் போட்ட?"

"யாரு கண்டா? மங்கலாத் தெரிஞ்சுச்சு, ஒண்ண அமுக்கிட்டேன். கீங்னு கத்துச்சு."

வேன் கிளம்பப் போனது. அவள் விறுவிறுவென்று போய் முன்பக்கச் சன்னலைத் தட்டினாள். தலைவி கண்ணாடியை இறக்கினார்.

"மதர், பாக்க வர்றவுகளுக்கு என்னைக்குத் தொறப்பீக?"

"மாசத்தில முதல் ஞாயிறு. பத்து மணிக்கு."

"உக்கார நாற்காலி உண்டா? எனக்கு முட்டி வலி."

"பெஞ்சு உண்டு."

"பெஞ்சு சாயத் தோதுப்படாது."

"நாற்காலி போடச் சொல்லாம்."

மிக்கேலம்மாள் பின் சன்னலுக்குப் போனாள். ஜான்சியின் மை வைத்த விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"கம்பி பிடிக்காது எனக்கு. இப்பவும் பிடிக்கல, சொல்லிட்டேன்," என்றாள். "கருவாட்டுக் கொழம்பு அந்தப் பெட்டிக்குள்ள விடுவாகளா?"

"கவிச்சி கூடாதும்மா."

"அப்ப கத்திரிக்கா வச்சுக் கொண்டாரேன். உப்பு நான் போடுறேன்."