கொல்லன் கடைக் கதவு

மாமியாரின் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோதுதான் மருமகள் அதைப் பார்த்தாள். மகன்காரன் போன் பேச வெளியே போனான், வழக்கம்போல ஆஸ்பத்திரி அறைக் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு. மாமியாரின் தாடை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தோடு ஒட்டியது. இடது தோள் ஒரு விரற்கடை மேலே ஏறியது.

"அட கடவுளே, கொல்லன்!" என்றாள் மருமகள்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. கண் திறந்திருந்தாலும் பார்வை எதிலும் நிற்கவில்லை. "யார் இருக்காங்க, யார் இல்லைன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. இன்னைக்கோ நாளைக்கோதான்" என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து மகன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறதாம். கல்லுளிமங்கன்! பேசாமலே அனுப்பிவைத்துவிட்டு, அப்புறம் காலமெல்லாம் உட்கார்ந்து மருகுவான். அதுதான் மருமகளுடைய கவலை.

மாமியாருக்குத் தொழில், வீடியோ கேம்களுக்குக் குரல் கொடுப்பது. வாளும் மந்திரமுமாக வரும் கேம்களில் குள்ளர், எல்ஃப் என்கிற வனதேவதை, ஆர்க் என்கிற முரட்டு அரக்கன், பூதம் என்று எந்த இனம் பேச வேண்டுமானாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது. கல்யாணமான முதல் வாரம், குளியலறைக்குள் யாரையோ வெட்டிப் போடுகிற மாதிரி ஓர் அலறல். மருமகள் துடைப்பத்தோடு ஓடிப்போய்க் கதவை இடித்தாள். தலையில் துண்டோடு எட்டிப் பார்த்து, "ஆர்க் ஒருத்தன் செத்துட்டிருக்கான்மா. உனக்கு அவசரமா?" என்று கேட்டாள் அந்த மகராசி.

துணி அலமாரிக்குள் மைக்கை மாட்டி ஒத்திகை பார்க்கும்போது வசனத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பது மருமகள்தான். ஒவ்வொரு இனத்துக்கும் உடம்பு மாறும். ஆர்க் என்றால் வயிற்றை முன்னால் தள்ளுவாள். எல்ஃப் என்றால் குதிகால் தரையில் படாது. குள்ளன் என்றால் தாடை உள்ளே, இடது தோள் மேலே. அதற்கப்புறம்தான் குரலே வரும். அந்தக் குள்ளர்களில் ஒரு கொல்லன் உண்டு. எதுவும் வாங்காமல் யாராவது கடையை விட்டுப் போனால் கத்துவான்: "கதவச் சாத்திட்டுப் போடா! உலைச்சூடெல்லாம் வெளிய போகுது!" வீட்டில் மகனுக்கும் அதே வசவுதான், அதே தாடையோடு. அவன் ஒரு நாளும் சாத்தியதில்லை.

மகன் திரும்பி வந்தான்.

"என்னங்க, அத்தைக்கு எல்லாம் தெரியுது. உங்களத்தான் திட்டுறாங்க."

"உனக்கென்ன கிறுக்கா? டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டருக்குக் கொல்லனத் தெரியுமா? கதவச் சாத்துங்க."

சாத்தினான். தாடை இளகியது. தோள் இறங்கியது.

"இப்ப வெளிய போங்க. தொறந்து போட்டுட்டுப் போங்க."

"நான் இருக்கற நெலமையில..."

"போங்கன்னா போங்க!"

போனான். வராந்தாவில் நின்று எட்டிப் பார்த்தான். தாடை இழுத்துக்கொண்டது, தோள் ஏறியது. உள்ளே வந்து சாத்தினான், இறங்கியது. மறுபடியும் திறந்தான். இந்தத் தடவை புருவமும் சேர்ந்து நெரிந்தது, எத்தனை தரம்டா சொல்றது என்கிற மாதிரி.

மருமகளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. குரல் இல்லை, பாதி உடம்பு இல்லை. மிச்சமிருந்த ஒற்றைத் தோளை வைத்து ஓர் ஆளை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் அத்தை! எப்பேர்ப்பட்ட மனுஷியோடு ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது கும்பிடத் தோன்றியது.

மகன் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தான். "சாத்திட்டேம்மா" என்றான். அப்புறம் வாய் ஓயவில்லை. அவளுடைய பூதக் குரலுக்குப் பயந்து கட்டிலடியில் ஒளிந்தது, மறுநாளே எங்கம்மாதான் பூதம் என்று தெருப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டது, எல்லாவற்றையும் கொட்டினான். நடுவில் சிரித்தான். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான். மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் போர்வை அசைந்தது. இடது பாதம் மெல்ல நீண்டு, நுனிவிரலில் எழும்பி நிற்பதுபோல நின்றது. மருமகள் அதைக் கண்டுகொண்டாள். எல்ஃப் சாகிற காட்சிக்கு எத்தனை தரம் தாள் பிடித்திருக்கிறாள்! "எல்ஃப் சாவுக்குக் கத்தவே வேண்டாம்மா. விட்ட மூச்சத் திருப்பி வாங்கக் கூடாது, அவ்வளவுதான். இருக்கறதுலயே கஷ்டம் அதுதான்" என்பாள் அத்தை.

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். திருப்பி வாங்கவில்லை.

"அம்மா?" மகன் எழுந்தான். "நர்ஸ்! நர்ஸ்!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினான். கதவு திறந்து கிடந்தது. மருமகள் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

பாதி வராந்தா போனவன் நின்றான். திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டுப் போனான்.