பதினேழு நாள் சத்தமில்லாத ஆபீஸ்

1990 ஆகஸ்ட் மாதத்தில், கல்வராயன் மலைக்குப் போகும் சாலையோரத்து சாதி சர்டிபிகேட் ஆபீஸ் ஒன்றில் பதினேழு நாள் சத்தமே எழவில்லை. டைப் மெஷின் அடித்தது, ஃபேன் சுற்றியது, ஜன்னலில் காக்கா வாயைத் திறந்து மூடியது. காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை. அந்த வாரம் கள்ளக்குறிச்சியில் தக்காளி கிலோ மூன்று ரூபாய். சத்தம் நின்ற காரணம் எல்லோருக்கும் தெரியும். கரும்பு வெட்டும் தைலம்மாளிடம் குமாஸ்தா, "மதம் இன்னாம்மா?" என்று கேட்டிருந்தார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

தைலம்மாள் எதற்குமே சட்டென்று வாயைத் திறக்கிறவள் அல்ல. பேசுவதற்கு முன்னால் மனசுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல், அதற்கப்புறமும் சொல்ல வேண்டிய வார்த்தையாக இருந்தால் சொல் என்று தவக்கால தியானத்தில் ஒரு கன்னியாஸ்திரி சொன்னதைப் பத்து வருஷமாகக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டால், செபம் முடிவதற்குள் அந்த ஸ்டாப் போய்விடும். ஊரே கேலி செய்தது. அடிதடி என்று வந்தால் மட்டும் அதே ஊர் அவளைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டது, அது வேறு விஷயம்.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் இடஒதுக்கீட்டு ஊர்வலம், மறியல். பௌத்தத்துக்குப் போன தலித்துகளையும் பட்டியல் சாதியில் சேர்த்தாயிற்று என்றது ரேடியோ. கிறிஸ்தவர்களைப் பற்றி மூச்சு விடவில்லை. தைலம்மாளின் மகள் ஜெயசுதாவுக்கு நர்ஸ் படிக்க ஆசை. சர்டிபிகேட்டில் இந்து என்று எழுதினால் பட்டியல் சாதி, சீட்டு நிச்சயம். கிறிஸ்தவள் என்று எழுதினால் பிற்பட்ட வகுப்பு, மூன்று மார்க் குறையும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பதினெட்டாம் நாள். தம்பி தனசேகரன் அக்கா தைலம்மாளை வெளியே புளியமரத்தடிக்கு இழுத்து வந்து, "ஒரே வார்த்ததான்க்கா. இந்துன்னு சொல்லிடு, ஞாயித்துக்கெழம ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்க, முடிஞ்சிது" என்றான். ஜெயசுதா அழுதாள். "உன் செபத்துக்காக நான் ஏம்மா களை வெட்டிக்கினு கெடக்கணும்?" தைலம்மாள் அந்த வார்த்தையைச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் காலையில் ஆபீசுக்குப் போனாள். நாக்கு நுனிவரை வரும். செபம் முடிந்ததும் திரும்பிப் போய்விடும்.

பதினேழாம் நாள் மத்தியானம் முதலில் ஃபேன் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"எழுதிக்கோங்க சார். நாங்க வேதக்காரங்க. டீக்கடையில எங்களுக்குன்னு தனி கிளாசு தொங்கிக்கினு இருக்குது. அத மாட்டனவங்க, நீ எந்தச் சாமிய கும்புடறேன்னு எங்கள கேக்கல. அதையும் சேத்து எழுதுங்க."

குமாஸ்தா நல்ல மனுஷன். விதிப்படி கிறிஸ்தவள், பிற்பட்ட வகுப்பு என்று எழுதினார். கிளாஸ் விஷயத்துக்கு ஃபாரத்தில் கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதி வைத்தார். சீட்டு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. ஜெயசுதா ஒரு வருஷம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பகலில் களை வெட்டினாள், மிச்ச நேரத்தில் படித்தாள், பரீட்சையை மறுபடி எழுதினாள், பதினொரு மார்க் கூட வாங்கி நர்ஸ் ஆனாள். கோபம் தீர மேலும் நாலு வருஷம் பிடித்தது.

2013இல் தன் மகளின் சர்டிபிகேட்டுக்காக ஜெயசுதா அதே ஆபீசுக்குப் போனாள். அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விதி மாறியிருக்கவில்லை. புதிதாக வந்திருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "மதம் இன்னாங்க?" என்றார். ஜெயசுதா வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு மனசுக்குள் அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். ஃபேன் சத்தம் நின்றது, சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பழைய கதையைக் கேள்விப்பட்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார், எழுந்து வந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வரிசையில் நின்றவர்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.