நிழல் வந்து சேரும் நேரம்

விசாரணை நடந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே, சுழல் நாற்காலியில், தடகளச் சங்கத்தின் தலைவர். அவருக்கு வலப்பக்கம், கோப்புகளை மடியில் அடுக்கிக்கொண்டு, செயலாளர். ஜன்னலோரம், காலை ஆட்டியபடி, சங்கத்தின் டாக்டர். கதவை ஒட்டிய முக்காலியில், முப்பது வருஷமாக ஓட்டங்களுக்கு நேரம் எடுக்கும் கடிகாரக்காரர். சுவரோரப் பெஞ்சில், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, ஓட்டக்காரியின் அம்மா. ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைப்பவள், அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள். ஓட்டக்காரிக்கு நாற்காலி போடவில்லை, நின்றாள். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்துவிட்டதால் அவளுடைய நிழல் இன்னும் முதல் மாடித் திருப்பத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அது வரட்டும் என்று செயலாளர் பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தார்.

“அதான் நான் வந்துட்டேனே சார், ஆரம்பிங்க” என்றாள் அவள்.

“முழுசா வரட்டும்மா. அரைகுறையா வந்தவங்களை விசாரிக்கச் சட்டத்துல இடமில்ல” என்றார் தலைவர்.

அவளைத் தெருவில் எல்லாரும் அவசரம் என்றே கூப்பிட்டார்கள். பதினான்கு வயதில், பள்ளி மைதானத்து நூறு மீட்டரில், அவளுடைய நிழல் முதன்முதலாகக் கண்ணிமைக்கும் நேரம் பிந்தி வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் சரியில்லை என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். பத்தொன்பது வயதில் அது ஒரு முழு வினாடி பின்தங்கியது. இருபத்தைந்தில் நான்கு வினாடி. அதற்குள் ஊர் பழகிவிட்டிருந்தது. அவள் ஓடிவந்து பேருந்தில் ஏறினால், நிழலும் ஏறிய பிறகே நடத்துனர் விசில் ஊதினார். அதற்குத் தனியாக டிக்கெட் கேட்டதில்லை. பிந்தி வருகிறதே தவிர அது வழி தவறியதோ, வேறு யார் காலடியிலும் போய் ஒட்டிக்கொண்டதோ கிடையாது.

கெடுதல் வேறு இடத்திலிருந்து வந்தது. கடிகாரக்காரர் நேர்மையானவர், அதுதான் தொல்லை. ஓடுகிறவர் முகத்தைப் பார்த்தால் மனம் சாய்ந்துவிடும் என்று, அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலையே நிமிர்த்தியதில்லை. தரையில் போட்ட வெள்ளைக் கோட்டை மட்டும் பார்ப்பார். கோட்டின்மேல் கறுப்பு விழுந்ததும் கடிகாரத்தை அமுக்குவார். மற்றவர்களுக்கு ஆளும் நிழலும் ஒன்றாகவே வந்ததால் எந்த வித்தியாசமும் இல்லை. அவளுக்கு மட்டும், பதினோரு வருஷம், நிழலின் நேரம்தான் பதிவேட்டில் ஏறியது. முதல் சில வருஷங்கள் அந்த நிழலே மற்றப் பெண்களை முந்தியதால் ஒன்பது தங்கப் பதக்கங்கள் கிடைத்தன. பிறகு இரண்டாமிடம், நான்காமிடம், கடைசியில் எட்டாமிடம். விளக்கு வெளிச்சத்தில் நடந்த ஒரு போட்டியில் அவளுக்கு நான்கு நிழல்கள். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர, கடிகாரக்காரர் எந்தச் சந்தேகமும் வேண்டாமென்று நான்காவதை எடுத்துக்கொண்டார். எட்டாமிடம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தபோது அவள் கோட்டைத் தாண்டி, தண்ணீர் குடித்து, காலணி நாடாவையும் அவிழ்த்து முடித்திருந்தாள். பார்வையாளர்கள் கத்தினார்கள். பார்வையாளர்களுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்று சங்கம் அறிக்கை விட்டது. ஓட்டம் தளர்ந்துவிட்டது, வயதாகிவிட்டது என்று அணியிலிருந்து அவளை எடுத்தார்கள்.

தன் நேரத்தைத் தன் பெயரில் எழுதிக் கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்று அவள் மனு போட்டாள். அதற்குப் பதிலாகத்தான் இந்த விசாரணை. விசாரணைக்கு முந்தைய வாரம் டாக்டர் அவளைச் சங்கத்து முற்றத்தில், ஓடும் உடையில், பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை வெயிலில் நிறுத்தினார். நிழலின் இடுப்பைத் துணி டேப்பால் அளந்தார். தோளை அளந்தார். இது பெண்ணின் நிழல்தானா என்று இரண்டு உதவியாளர்களைக் கூப்பிட்டுக் காட்டி, குனிந்து பார்த்து, எழுதிக்கொண்டார். அந்தச் சங்கத்தில் பதிவு செய்த ஆண் ஓட்டக்காரர்கள் முந்நூறு பேருக்குமேல். ஒருவனுடைய நிழலையும் யாரும் ஒரு நாளும் அளந்ததில்லை.

நிழல் வந்து அவள் காலடியில் சேர்ந்ததும் செயலாளர் பேனாவைத் திறந்தார். டாக்டர், நிழல் பெண்ணுடையது, ஆனால் ஒழுங்கீனமானது என்றார். தலைவர் பெருமூச்சு விட்டு, நல்லது சொல்கிறவர் மாதிரி முன்னால் சாய்ந்தார்.

“கொஞ்சம் மெதுவா ஓடினா என்னம்மா குறைஞ்சு போயிடுவே? அதையும் கூட்டிக்கிட்டு வா. பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்?”

“ஓட்டப் பந்தயத்துல வேற என்ன சார் பண்றது?”

பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள். “பதினோரு வருஷமா நிழலுக்குத்தானே மெடல் குடுத்தீங்க? அப்ப வேர்வை யாருதுய்யா? சட்டைய தினம் தோய்ச்சவ நான். நிழல் ஒரு நாளும் சட்டை நனைச்சதில்ல!”

உட்காரும்படி செயலாளர் கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

ஓட்டக்காரி கதவுப் பக்கம் திரும்பினாள். “சார், ஒரே ஒரு தடவையாவது என் முகத்தைப் பாத்திருக்கீங்களா?”

கடிகாரக்காரர் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல நிமிர்ந்தார். “இல்லம்மா,” என்றார். “இப்பத்தான் பாக்கறேன்.” இதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று தலைவர் செயலாளரிடம் சொன்னார்.

தீர்ப்பு அச்சடித்த தாளில் வந்தது. ஓட்டக்காரி மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி நிழலை முந்துவதில்லை என்று உறுதி எழுதி, பத்து நாளில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினால் அணியில் மறுபடி இடம். அனுப்பாவிட்டால் ஒன்பது பதக்கங்களும் ரத்து, பெயரும் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும்.

தாள் ஏழு நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எட்டாம் நாள் காலை, அவள் பயிற்சி செய்யும் மைதானத்துக்குக் கடிகாரக்காரர் வந்தார். கழுத்தில் இரண்டு கடிகாரங்கள் தொங்கின.

“ஓடும்மா. இன்னிக்கு ஆளையும் பாக்கறேன்.”

அவள் ஓடினாள். முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பெண் ஓடுவதைத் தலைநிமிர்ந்து பார்த்த அவர், முதல் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டார். முட்டியில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம், “மன்னிச்சுக்கோ, வாயப் பொளந்துட்டேன். இன்னொரு தடவ” என்றார்.

“இந்தத் தடவையாவது வாய மூடிட்டுக் கைய அமுக்குங்க சார்” என்றாள்.

இரண்டாம் ஓட்டத்தில், நூறு மீட்டருக்கு, அவள் பத்து புள்ளி ஆறு வினாடி. நிழல் பதினான்கு புள்ளி ஆறு. இரண்டையும் ஒரு தாளில் தனித்தனி வரியில் எழுதி, பதினோரு வருஷமாகத் தாம் எடுத்தது நிழலின் நேரமே என்றும் சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். இதோடு அவர் வேலை போய்விடும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். “முக்காலியில உக்காந்து இடுப்பு வலிதான் மிச்சம்” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளையும் இரண்டாவது கடிகாரத்தையும் அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அவள் அச்சடித்த உறுதிமொழியின் ஒவ்வொரு வரியையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தாள். கீழே எழுதினாள்: “ஐயா, நான் மெதுவாக ஓட மாட்டேன். ஒன்பது பதக்கங்களையும் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அவை நிழலுக்குக் கொடுத்தவை. என் நேரம் பத்து புள்ளி ஆறு. அதைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக எழுதுங்கள். எழுதும்வரை வாரம் ஒரு கடிதம் வரும். என் நிழல் அதற்கு முடிந்தபோது வந்து சேரும். அதன்மேல் எனக்குக் கோபமில்லை, அதற்கும் என்மேல் இல்லை. கோபம் உங்கள்மேல்.”

அம்மா ஒருமுறை வாசித்தாள். “ஐயாங்கறத எடுத்துடு” என்றாள். அவள் எடுத்துவிட்டாள். கடிகாரக்காரரின் தாளை உள்ளே மடித்து வைத்து, உறையின் வாயில் பசை தடவி, அம்மா தன் தையல்காரக் கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினாள். மூன்றரை மணித் தபாலில், பதிவு முத்திரையோடு, கடிதம் போனது.